இசட்.இசட்.டி. விளையாட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய டாஸ் (விண்டோஸுக்கு முன்பு இருந்த இயங்குதளம்) விளையாட்டுகளைப் பற்றிப் பேச்சு வந்தால் நான் முதலில் எடுத்துக் காட்டுவது இசட்.இசட்.டி-யைத்தான். பார்ப்பவர்கள் ஏறக்குறைய ஒரே வரிசையில் ஒரே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதில்களைக் கீழே கொடுத்திருக்கிறேன். விளையாட மட்டும் விரும்புகிறவர்களுக்கு முதல் பாதி போதும். பின்பாதி, தாங்களே ஒரு விளையாட்டைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு.

இசட்.இசட்.டி.ன்னா என்ன கேம்? சுருக்கமா சொல்லுங்க.

1991 ஜனவரியில் வெளிவந்த டாஸ் விளையாட்டு. நீங்கள் ஒரு சிரித்த முகம். அறை அறையாகப் போய் சாவி தேடுவீர்கள், சிங்கம் புலிகளைச் சுடுவீர்கள், பாறைகளைத் தள்ளி வழி செய்வீர்கள். பாதி ஆர்கேட், பாதி புதிர். இதே மாதிரி விளையாட்டை நீங்களே உருவாக்குவதற்கான எடிட்டரும் கூடவே வந்தது. முப்பது வருடம் கழித்தும் இதைப் பற்றிப் பேசுவதற்கு அந்த எடிட்டர்தான் காரணம். வெறும் விளையாட்டாக மட்டும் வந்திருந்தால் நானே மறந்திருப்பேன்.

படமே இல்லையே? வெறும் எழுத்தும் குறியும்தானே தெரியுது?

ஆமாம், எல்லாமே எழுத்துகள்தான். ஐ.பி.எம். கணினியின் 256 எழுத்துகள் கொண்ட தொகுப்பில் ஆங்கில எழுத்துகளோடு சிரித்த முகம், சீட்டுக்கட்டுக் குறிகள், கிரேக்க எழுத்துகள், சுவர் மாதிரியான கட்டங்கள் எல்லாம் இருந்தன. ஸ்வீனி (இதை எழுதியவர்) அவற்றையே படங்களாக எடுத்துக்கொண்டார். ஒமேகா எழுத்து சிங்கம், பை எழுத்து புலி, சீட்டுக்கட்டின் கிளாவர் குறி முரடன். பத்து நிமிடம் விளையாடினால் கண் பழகிவிடும். ஒமேகாவைப் பார்த்தாலே விரல் தானாகச் சுடும் கீக்குப் போகும்.

இதற்கு ஒரு கணக்கும் உண்டு. எழுத்து முறையில் திரை என்பது 80 பத்தி, 25 வரி. ஒவ்வொரு கட்டத்துக்கும் எழுத்துக்கு ஒரு பைட், நிறத்துக்கு ஒரு பைட். ஆக முழுத் திரைக்கும் 4,000 பைட்தான். 320-க்கு 200 புள்ளிகளில் பதினாறு நிறப் படம் வரைய 32,000 பைட் வேண்டும். மெதுவான கணினியிலும் இது தடுமாறாமல் ஓடியதற்கும், ஓவியர் துணையில்லாமல் ஒருவரே முழு விளையாட்டையும் செய்ய முடிந்ததற்கும் இதுதான் காரணம்.

யார் எழுதினது? பெரிய கம்பெனியா?

டிம் ஸ்வீனி. அப்போது அவர் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் மாணவர். பொட்டோமக் என்ற ஊரில் பெற்றோர் வீட்டிலிருந்து வேலை செய்தார். கம்ப்யூட்டர் ஆலோசனைத் தொழிலுக்காக முன்பே வைத்திருந்த 'பொட்டோமக் கம்ப்யூட்டர் சிஸ்டம்ஸ்' என்ற பெயரிலேயே விளையாட்டையும் வெளியிட்டார். 1992-இல் அந்தப் பெயர் எபிக் மெகாகேம்ஸ் என்று மாறியது. இன்று ஃபோர்ட்நைட் நடத்துகிற எபிக் கேம்ஸ் அதே நிறுவனம்தான்.

ஆரம்பத்தில் அவர் விளையாட்டு எழுத உட்காரவில்லை. டர்போ பாஸ்கல் மொழியில் தனக்கு ஒரு டெக்ஸ்ட் எடிட்டர் எழுதிக்கொண்டிருந்தார். கர்சரை ஒரு முகமாக மாற்றி, சில கட்டங்கள் அதைத் தடுக்கும்படி செய்து பார்த்தார். அங்கிருந்து வளர்ந்ததுதான் இது. எடிட்டர் விளையாட்டோடு இவ்வளவு ஒட்டிப்போனதற்கு இந்தப் பிறப்பே காரணம் என்று நினைக்கிறேன்.

ஷேர்வேர்னா இலவசம்தானே?

பாதி இலவசம். ஷேர்வேர் என்பது 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வந்த விற்பனை முறை. மென்பொருளை யார் வேண்டுமானாலும் நகலெடுத்து நண்பர்களுக்குக் கொடுக்கலாம், பிடித்திருந்தால் ஆசிரியருக்குப் பணம் அனுப்ப வேண்டும். விளையாட்டுகளில் இந்த முறை சரியாக எடுபடவில்லை. முழுசும் கையில் கிடைத்த பிறகு எவ்வளவு பேர் பணம் அனுப்புவார்கள்?

ஸ்காட் மில்லர் என்பவர் 1987-இல் 'கிங்டம் ஆஃப் க்ரோஸ்' விளையாட்டில் வேறு வழி பிடித்தார். முதல் பாகத்தை ஊரெல்லாம் இலவசமாகப் பரவ விட்டு, அடுத்த பாகங்களைக் காசுக்கு விற்றார். க்ரோஸும் எழுத்துகளால் ஆன விளையாட்டுதான். ஸ்வீனி அதே முறையைப் பின்பற்றினார். 'டவுன் ஆஃப் இசட்.இசட்.டி.' இலவசம். கேவ்ஸ், டன்ஜன்ஸ், சிட்டி என்ற மூன்று உலகங்களுக்குப் பணம் கட்ட வேண்டும்.

இணையம் இல்லாத காலத்துல எப்படிப் பரவிச்சு?

தொலைபேசிக் கம்பி வழியாக. புல்லட்டின் போர்டு என்று வீடுகளிலேயே கணினி வைத்து நடத்துவார்கள். மோடம் மூலம் அழைத்துக் கோப்புகளை ஏற்றலாம், இறக்கலாம். ஒருவர் இறக்கியதை இன்னொரு போர்டில் ஏற்றுவார். மீதி பிளாப்பி வழியாகக் கைமாறியது. அகர வரிசைக் கோப்புப் பட்டியலில் கடைசியில் தனியாகத் தெரிய வேண்டும் என்றுதான் இந்தப் பெயரையே வைத்தாராம். வேறு விரிவாக்கம் எதுவும் இல்லை.

இதுல நல்லா சம்பாதிச்சாரா?

நாளைக்கு மூன்று நான்கு பிரதி, சுமார் 100 டாலர் வந்தது என்று அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். ஒரு மாணவருக்கு அது பெரிய பணம். கடிதத்தில் ஆர்டர் வரும், வீட்டிலிருந்து பிளாப்பி தபாலில் போகும். அவருடைய அப்பா அதே முகவரியில் தொடர்ந்து இருந்ததால், 2000-களின் கடைசியில்கூட எப்போதாவது ஓர் ஆர்டர் வந்துகொண்டிருந்ததாம்.

இப்போ என் லேப்டாப்புல ஓடுமா?

நேரடியாக ஓடாது. 64 பிட் விண்டோஸ் 16 பிட் டாஸ் நிரல்களை ஏற்காது. டாஸ்பாக்ஸ் என்ற எமுலேட்டர் (பழைய கணினி மாதிரி நடிக்கும் நிரல்) போட்டால் ஓடும். இசட்.இசட்.டி-க்கென்றே எழுதப்பட்ட ஸீட்டா என்ற எமுலேட்டர் இன்னும் எளிது. எதையும் நிறுவ வேண்டாம் என்றால் 'மியூசியம் ஆஃப் இசட்.இசட்.டி.' தளத்தில் உலாவியிலேயே விளையாடலாம். ரசிகர்கள் செய்த உலகங்களும் அங்கே குவிந்து கிடக்கின்றன. முன்பு விற்கப்பட்ட மூன்று உலகங்களையும் எபிக் பிற்காலத்தில் இலவசமாக்கிவிட்டது. ஆகவே திருட்டு நகலோ என்ற பயம் வேண்டாம்.

ஆரம்பிச்சதும் கீபோர்டா ஜாய்ஸ்டிக்கா, கலரா மோனோக்ரோமான்னு கேக்குது. எதைச் சொல்லணும்?

கீபோர்டு, கலர். அவ்வளவுதான்.

எந்த கீ எதுக்கு?

அம்புக்குறி கீகள் நடக்க. ஷிப்டை அழுத்திக்கொண்டே அம்புக்குறியைத் தட்டினால் அந்தத் திசையில் குண்டு போகும். கடைசியாகப் போன திசையில் சுட ஸ்பேஸ் பார். 'டி' அழுத்தினால் தீவட்டி எரியும், இருட்டு அறைகளில் மட்டும். 'எஸ்' சேமிக்க, 'பி' நிறுத்தி வைக்க. அடிக்கடி சேமியுங்கள். அந்தக் கால விளையாட்டுகள் உங்கள் மேல் இரக்கப்படுவதில்லை.

உடனே செத்துப் போறேன். என்ன செய்யலாம்?

உங்களுக்கு 100 ஆரோக்கியப் புள்ளிகள். ஒவ்வோர் அடிக்கும் 10 போகும். ரத்தினம் ஒன்றை எடுத்தால் 1 புள்ளி திரும்பக் கிடைக்கும். அதனால் வழியில் கிடக்கும் ரத்தினங்களை விடாதீர்கள். ஆனால் அவற்றை நோக்கிச் சுடாதீர்கள். குண்டு பட்டால் ரத்தினம் அழிந்துவிடும், புதிதாக ஆடுகிறவர்கள் பாதி மருந்தை இப்படித்தான் இழக்கிறார்கள்.

மிருகங்களின் குணம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. சிங்கம் குத்துமதிப்பாக அலையும், உங்கள் மேல் மோதினால் 10 புள்ளியைப் பறித்துக்கொண்டு அதுவும் செத்துவிடும். குண்டு தீர்ந்துபோனால் சிங்கத்தை மோதிக் கொல்வதுகூட ஒரு கணக்குதான். புலியும் அப்படியே, ஆனால் சுடும். கரடி நீங்கள் அதன் நேர்க்கோட்டுக்கு அருகில் வரும்வரை அசையாது. மரவட்டை மாதிரி ஊர்ந்து வருவதன் தலையைச் சுட்டால் அடுத்த கண்டம் தலையாகிவிடும்.

இன்னொன்று: கதவு மாதிரியான வழியில் நுழைந்து புது அறைக்கு வந்ததும் விளையாட்டு தானாக நின்றிருக்கும், நீங்கள் ஓர் அடி வைத்தால்தான் ஓடும். அந்த நேரத்தில் திரை முழுவதையும் நிதானமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டவுன்ல ஊதாச் சாவி ஒண்ணு வச்சிருக்கேன், இன்னொண்ணை எடுக்க விடலை. பக்-கா?

இல்லை. ஒரு நிறத்தில் ஒரே சாவிதான் வைத்துக்கொள்ள முடியும். டவுனில் அரண்மனைக்குள் போக ஊதாக் கதவுகள் பலவற்றைத் திறக்க வேண்டும். ஒரு சாவி கிடைத்ததும் திரும்பி வந்து ஒரு கதவைத் திறந்துவிட்டு, அடுத்ததைத் தேடப் போக வேண்டும். இந்த அலைச்சல் எனக்குப் பிடிக்காது. ஆனால் அறைகளின் வரைபடம் மனசில் பதிவதற்கு இதுவே காரணமாகவும் இருக்கிறது.

சில அறையில சுடவே முடியலையே?

ஒவ்வோர் அறைக்கும் தனி விதிகள் வைக்கலாம். ஒரே நேரத்தில் எத்தனை குண்டு பறக்கலாம், இருட்டா வெளிச்சமா, நேர வரம்பு உண்டா, அடிபட்டால் நுழைந்த இடத்துக்கே திரும்பி அனுப்பலாமா என்பதெல்லாம் அறையை உருவாக்கியவர் முடிவு. குண்டு எண்ணிக்கையைச் சுழியமாக வைத்திருந்தால் நீங்கள் எவ்வளவு குண்டு சுமந்தாலும் பயனில்லை. அப்படிப்பட்ட அறை என்றால் அங்கே தீர்வு துப்பாக்கியில் இல்லை என்று அர்த்தம், பாறைகளைப் பாருங்கள்.

சீட் கோட் உண்டா?

உண்டு. கேள்விக்குறியை அழுத்தினால் கீழே ஒரு பெட்டி வரும். அதில் 'ஹெல்த்', 'அம்மோ', 'கீஸ்', 'டார்ச்சஸ்' என்று ஆங்கிலத்தில் தட்டினால் அந்தந்தப் பொருள் கிடைக்கும். 'ஜாப்' (ZAP) என்று தட்டினால் உங்களைச் சுற்றி நான்கு பக்கமும் உள்ள கட்டங்கள் காலியாகும், சுவர் உட்பட. நீங்களே உலகம் செய்யும்போது சோதித்துப் பார்க்க இது மிகவும் உதவும்.

சரி, எடிட்டரை எப்படித் திறக்கிறது? அதுக்கும் பணம் கட்டணுமா?

தலைப்புத் திரையில் 'இ' என்ற ஆங்கில எழுத்தை அழுத்துங்கள். இலவசப் பிரதியிலேயே எடிட்டர் இருந்தது. பணம் வாங்காமலே பட்டறையைத் திறந்துவிட்டது ஸ்வீனி செய்த மிக நல்ல காரியம் என்பது என் கட்சி. எஃப்1 பொருள்கள், எஃப்2 உயிரினங்கள், எஃப்3 நிலப்பரப்பு. எடுத்து வையுங்கள், உடனே விளையாடிப் பாருங்கள்.

இதன் பலன் சீக்கிரமே தெரிந்தது. ரசிகர்கள் செய்த உலகங்களுக்கு ஸ்வீனி ஒரு போட்டி வைத்தார். வந்தவற்றில் நல்லவற்றைத் தொகுத்து 1992-இல் 'பெஸ்ட் ஆஃப் இசட்.இசட்.டி.' வெளியிட்டார். போட்டியில் கலந்துகொண்ட ஆலன் பில்க்ரிம் பிறகு எபிக்கில் சேர்ந்து கிலோபிளாஸ்டர், ஸார்கன் விளையாட்டுகளைச் செய்தார்.

நிரல் எழுதத் தெரியாதே, முடியுமா?

முடியும். அறையில் ஓர் 'ஆப்ஜெக்ட்' வையுங்கள், அதற்குள் சில வரிகள் எழுதுங்கள். முன்னால் எந்தக் குறியும் இல்லாத வரி அப்படியே பேச்சாகத் திரையில் வரும். ஹாஷ் குறியோடு தொடங்குவது கட்டளை: நட, சுடு, கொடு, பறி, செத்துப்போ, இன்னொன்றாக மாறு. முக்காற்புள்ளியோடு தொடங்குவது அடையாளப் பெயர். ஆட்டக்காரர் தொட்டால் 'டச்' என்ற பெயருக்குக் கீழே உள்ள வரிகள் ஓடும், குண்டு பட்டால் 'ஷாட்' என்பதன் கீழே உள்ளவை ஓடும். ஒரு பொருள் இன்னொன்றுக்குச் செய்தி அனுப்பலாம். கதவுக்குப் 'காவல்காரன்' என்று ஒருவரை வைத்து, கல்லை நகர்த்தினால் அவருக்குச் செய்தி போகிற மாதிரி செய்தால், உங்கள் முதல் புதிர் தயார்.

ஒரு ஆள் முதல் தடவை ஒண்ணு பேசி, ரெண்டாவது தடவை வேற பேசணும். எப்படி?

'டச்' என்ற பெயரை இரண்டு முறை எழுதுங்கள், ஒவ்வொன்றின் கீழும் வேறு பேச்சு. முதல் பேச்சின் முடிவில் 'டச்' பெயரை ஜாப் செய்யும் கட்டளை போடுங்கள். அது முதல் அடையாளத்தைக் குருடாக்கிவிடும், அடுத்த முறை தொடும்போது இரண்டாவது ஓடும். பழையபடி வேண்டுமென்றால் 'ரெஸ்டோர்'. மேலே சீட் பதிலில் சொன்ன ஜாப் வேறு, இது வேறு.

நிறைய புலி வச்சேன், கொஞ்ச நேரத்துல யாருமே சுட மாட்டேங்கிறாங்க. ஏன்?

ஓர் அறையில் நகர்கிற அல்லது யோசிக்கிற பொருள்கள் 150-க்கு மேல் இருக்க முடியாது. சுவர், ரத்தினம், சாவி எல்லாம் இந்தக் கணக்கில் வராது. சிங்கம், புலி, ஆப்ஜெக்ட் வரும். பறக்கிற ஒவ்வொரு குண்டும் வரும். இடம் நிரம்பிவிட்டால் புதுக் குண்டு பிறக்க வழியில்லை. புலிகளைக் குறையுங்கள்.

எத்தனை அறை வரைக்கும் போடலாம்?

தலைப்புத் திரை போக 100. ஆனால் அதற்கு முன்பே வேறு இடத்தில் முட்டுவீர்கள். ஓர் அறை 20,000 பைட்டைத் தாண்டக் கூடாது. விளையாட்டு எல்லா அறைகளையும் ஒரே நேரத்தில் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. நூறு அறையும் முழு அளவில் இருந்தால் 20 லட்சம் பைட் ஆகும். டாஸ் கொடுப்பதோ மொத்தமே 640 கிலோபைட், அதிலும் நிரலுக்கு ஒரு பங்கு போய்விடும்.

அறையின் அளவைச் சாப்பிடுவது சுவர்கள் அல்ல. ஓர் அறை 60-க்கு 25, அதாவது 1,500 கட்டங்கள். ஒரே மாதிரிக் கட்டங்கள் அடுத்தடுத்து வந்தால் 'இத்தனை தடவை இது' என்று 3 பைட்டில் சுருக்கிவிடும். எதுவுமே சுருங்காத அறைகூட 4,500 பைட்தான். மீதியைத் தின்பது உங்கள் வசனமும் கட்டளைகளும். வளவளவென்று பேசும் பாத்திரங்களைப் பிரித்து வேறு வேறு அறைகளில் வையுங்கள்.

மாறிகளே இல்லையே, கணக்கு எப்படி வைக்கிறது?

மாறி என்றால் நிரல் ஒரு மதிப்பை நினைவில் வைக்கும் இடம். இங்கே உண்மையில் இருப்பது கொடிகள் மட்டும்தான்: ஆம் அல்லது இல்லை. உலகம் முழுவதற்கும் பத்தே பத்து. எண்ணிக்கை வேண்டுமென்றால் ரத்தினம், தீவட்டி, ஸ்கோர் ஆகியவற்றை மாறியாகப் பயன்படுத்துவது ரசிகர்கள் கண்டுபிடித்த வழி. இருட்டு அறையே இல்லாத உலகத்தில் தீவட்டி எண்ணிக்கை உங்களுக்குச் சும்மா கிடைக்கிற மாறி. பறிக்கும் கட்டளைக்கு, ஆட்டக்காரரிடம் அவ்வளவு இல்லாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லலாம். கடையும் பேரமும் அதிலேயே செய்துவிடலாம்.

கொடிகளை மிச்சம் பிடிக்க இன்னொரு தந்திரம்: அறையின் மூலையில் ஒரு பச்சைக் கட்டம் வைத்து, 'பச்சைச் சுவர் எங்காவது இருக்கிறதா' என்று கேளுங்கள். அந்தக் கட்டத்தை மாற்றினால் கொடி மாறிய மாதிரி.

சிலர் செஞ்ச கேம்ல பழுப்பு, கரும்பச்சை எல்லாம் இருக்கு. என் எடிட்டர்ல ஏழு கலர்தான் வருது?

எடிட்டர் ஏழு நிறங்களைத்தான் காட்டும், ஆனால் விளையாட்டுக்கு மற்ற நிறங்களும் தெரியும். ரசிகர்கள் அந்த நிறங்களைக் கோப்பில் நேரடியாகப் புகுத்தி 'டூல்கிட்' அறைகளாகப் பகிர்ந்தார்கள். அந்த அறையை உங்கள் உலகத்தில் சேர்த்து, வேண்டிய கட்டத்தை நகலெடுத்து வைத்துக்கொள்ளலாம்.

தமிழ்ல வசனம் வைக்க முடியுமா?

அப்படியே முடியாது. 256 இடங்களும் நிரம்பியிருக்கின்றன. டிஸ்கி மாதிரி, மேல் 128 இடங்களில் தமிழை வைக்கும் பழைய எழுத்துரு முறை தெரிந்தவர்களுக்கு ஆசை வரும். ஆனால் சுவரும் சிங்கமும் புலியும் குடியிருப்பது அதே மேல் பாதியில்தான். தமிழை வைத்தால் சிங்கம் ஓர் உயிர்மெய்யாக அலையும். தவிர ஒரு கட்டத்தின் அகலம் எட்டு ஒன்பது புள்ளிதான், 'ணை' அதில் மூச்சுத் திணறும். ஸீட்டாவில் எழுத்துருவை மாற்றலாம் என்பதால் தலைப்பு, நாலைந்து சொற்கள் வரை ஆசைக்குச் செய்து பார்க்கலாம். நீண்ட வசனத்துக்குத் தங்கிலீஷ்தான் வழி.

சோர்ஸ் கோடு கிடைக்குமா?

அசல் தொலைந்துவிட்டது. ஸ்வீனியின் கணினி பழுதாகி அதோடு போனது. ஆனால் 2020-இல் ஏட்ரியன் ஷெகியெர்க்கா (ஸீட்டாவும் இவருடையதுதான்) இயங்கும் கோப்பை அலசி, பாஸ்கல் நிரலைத் திரும்ப எழுதினார். டர்போ பாஸ்கல் 5.5-இல் தொகுத்தால் பழைய கோப்பு பைட்டுக்குப் பைட் அப்படியே வரும். ஸ்வீனியின் சம்மதத்தோடு எம்.ஐ.டி. உரிமத்தில் எல்லோருக்கும் கிடைக்கிறது. மேலே நான் சொன்ன வரம்புகளை அதில் நேராகப் பார்க்கலாம்.

சூப்பர் இசட்.இசட்.டி. இதைவிட நல்லதா?

1991-லேயே வந்தது. திரை நகரும், எழுத்துகள் பெரிதாகத் தெரியும். எனக்கு அது ஒட்டவில்லை. முழு அறையும் ஒரே பார்வையில் தெரிவதுதான் இதன் அழகு.

கருப்புச் சாவி எடுத்தா 256 ரத்தினம் வருதாமே, நிஜமா?

நிஜம். சாவிகளுக்கு ஒன்று முதல் ஏழு வரை ஏழு இடங்கள் நினைவகத்தில் வரிசையாக உள்ளன. கருப்பின் எண் சுழியம். அதனால் அந்த வரிசைக்கு ஒரு பைட் முன்னால் போய் 'சாவி இருக்கிறது' என்று எழுதிவிடும். அங்கே இருப்பது ரத்தின எண்ணிக்கையின் மேல் பைட். அதில் 1 விழுந்தால் 256 கூடும். கருப்புக் கதவைத் திறந்தால் அதே 256 போய்விடும்.

ஏற்கெனவே 256 அல்லது அதற்கு மேல் ரத்தினம் வைத்திருப்பவர் கருப்புச் சாவியைத் தொட்டால், மேல் பைட்டில் ஏதோ இருப்பதால், சாவி உன்னிடம் இருக்கிறதே என்று விளையாட்டு எடுக்க விடாது. கருப்புச் சாவியை மேலே சொன்ன டூல்கிட் வழியில்தான் வைக்க முடியும், எடிட்டரில் கிடையாது.